காப்பி சிந்திய பிரதமர்

2018-இல் சுற்றிய ஒரு காணொளி நேற்று மறுபடி கண்ணில் பட்டது. அப்போதைய நெதர்லாந்து பிரதமர் மார்க் ருட்டே கையிலிருந்த காப்பியை நுழைவாயிலில் சிந்திவிடுகிறார். மாப்பை வாங்கித் தானே தரையைத் துடைக்கிறார். சுற்றி நிற்கும் துப்புரவுப் பணியாளர்கள் சிரித்துக் கைதட்டுகிறார்கள்.

மனிதர் லைடன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். 1992-இல் யூனிலீவரில் சேர்ந்தார் (ஆமாம், நம் வீட்டு சோப்புக் கம்பெனிதான்). பத்து வருடம் பெரும்பாலும் மனிதவளத் துறை. 2002-இல் இணையமைச்சர், 2006-இல் விவிடி என்ற லிபரல் கட்சிக்குத் தலைவர், 2010-இல் பிரதமர். அப்புறம் 2024 வரை அந்த நாற்காலியை விடவில்லை. பிரதமராக இருந்தபோதே வாரம் ஒருமுறை ஹேக் நகரப் பள்ளியொன்றில் பாடமும் எடுத்தார்.

எளிமையெல்லாம் சரி. ஆனால் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரத்தை மறக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தியது. பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொன்னது. பல குடும்பங்கள் நொடித்துப்போயின. அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. இரண்டே மாதத்தில் வந்த தேர்தலில் அவர் கட்சிதான் மறுபடி முதலிடம்! எனக்கு இன்னும் புரியாத கணக்கு இது.

பதவியை ஒப்படைத்த அன்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மூன்றே மாதத்தில் நேட்டோ ராணுவக் கூட்டணியின் பொதுச் செயலாளர். அங்கே மாப் எங்கே வைத்திருக்கிறார்களோ!