கிட்டிலிருந்து ஜுஜுட்சுவுக்கு, அதுவும் சம்பா அறுவடைக் காலத்தில்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் உள்ள அரிசி ஆலைகளுக்கு நெல் கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக உருவாக்கிய, நிரலில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியைத்தான் தொடக்கத்திலிருந்தே பயன்படுத்தி வந்தோம். அது கமிட்டுகளை, அதாவது மாற்றங்களின் பதிவுகளை, சேமித்து வைக்கும் முறை மிக உறுதியானது. ஆனால் ஸ்டேஜிங்கில் (கமிட்டுக்கு முன் மாற்றங்களைத் தேர்ந்து வைக்கும் இடம்) பாதி, ஸ்டாஷில் (தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் இடம்) கொஞ்சம், முடியாமல் நிற்கும் ரீபேஸ் (நம் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மாற்றி அமைப்பது) ஒன்று என்று, செய்த வேலை எங்கெங்கே கிடக்கிறது என்பதை நாமேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சுமை போதும் என்று தோன்றியதால் அதே வேலையைச் செய்யும் ஜுஜுட்சுவுக்கு மாறினேன்.

மார்ட்டின் வான் ஸ்வைக்பெர்க் என்பவர் 2019-இல் சொந்த ஆர்வத்தில் தொடங்கி, ரஸ்ட் மொழியில் எழுதிய கருவி இது. திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியத்தையே கிடங்காக வைத்துக்கொண்டு வேலை செய்வதால், குழுவில் ஒருவர் மட்டும் மாறினாலும் மற்றவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. மன்னார்குடியில் இருக்கும் என் சகா இன்றும் கிட்டையே பயன்படுத்துகிறார். ஒருநாள் என் கணினியில் அமர்ந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ஹெட் எந்தக் கிளையிலும் இல்லாம தனியா நிக்குது?" என்று கேட்டதோடு சரி. (கிளை என்பது கமிட்டுகளின் ஒரு தனித் தொடர்; ஹெட் என்பது இப்போது எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் குறி.)

இதில் ஸ்டேஜிங் என்ற படியே கிடையாது. நாம் திருத்திக்கொண்டிருக்கும் கோப்புகளே ஒரு கமிட்டாகக் கருதப்படுகின்றன; ஜுஜுட்சுவின் 'ஜேஜே' கட்டளை எதை இயக்கினாலும் அந்த நேரத்து நிலை அதில் பதிவாகிவிடும். கட்டளை எதுவும் இயக்காமல் மணிக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தால், இடைப்பட்ட நிலைகள் பதிவாகா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான பயனை நான் உணர்ந்தது, இருவர் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றும்போது வரும் முரண்பாடுகளைத் தீர்க்கும்போதுதான். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மழையில் கதிர் நனைந்த ஆண்டுகளில் தளர்வு அறிவிக்கப்படுவதுண்டு. எங்கள் நிரலில் நேரடியாக எழுதப்பட்டிருந்த அந்த எண்ணை நான் அமைப்புகள் அட்டவணைக்கு மாற்றி, அதன் மேல் அடுத்தடுத்துச் சில கமிட்டுகளும் எழுதியிருந்தேன். அதற்குள் சகா அதே வரியில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார். ரீபேஸ் செய்த அதே வேளையில், ரசீது அச்சாகவில்லை என்று ஓர் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. கிட்டாக இருந்தால் ரீபேஸ் நடுவழியில் நின்றிருக்கும்; ஒன்று, உடனே முரண்பாட்டைத் தீர்க்க வேண்டும், இல்லையேல் ரீபேஸைக் கைவிட வேண்டும். ஜுஜுட்சுவோ ரீபேஸை முடித்துவிட்டு, முரண்பாட்டை அந்தக் கமிட்டிலேயே குறித்து வைத்தது. நான் முதன்மைக் கிளையிலிருந்து புதிய கமிட் தொடங்கி, ரசீதைச் சரிசெய்து அனுப்பிவிட்டு, மாலையில் திரும்பி வந்து அந்த ஒரு வரியைத் தீர்த்தேன். மேலிருந்த கமிட்டுகள் எல்லாம் தாமாகவே அதற்கேற்ப மாறிக்கொண்டன. தீர்க்கப்படாத கமிட்டை வெளியே அனுப்ப அது மறுத்துவிடும் என்பதால், அரைகுறையாக எதுவும் சகாவுக்குப் போய்விடுமோ என்ற கவலையும் இல்லை.

செய்த செயல் ஒவ்வொன்றும் தனிப் பதிவேட்டில் ஏறுவதால், 'ஜேஜே அன்டூ' என்று கொடுத்தால் ரீபேஸ் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சர்வருக்கு ஏற்கெனவே அனுப்பியதை மட்டும் அது திரும்பப் பெறாது.

குறைகளும் உண்டு. கிளைகளுக்குப் பதிலாக வரும் புக்மார்க்குகள் புதிய கமிட்டோடு தாமாக நகர்வதில்லை. ஒவ்வொரு முறையும் நாமே நகர்த்த வேண்டியிருப்பது எனக்கு இன்றும் எரிச்சல்தான். கமிட் போன்ற செயல்களின்போது தானாக ஓடும் கிட் ஹூக்குகள் இதில் இயங்குவதில்லை என்பதால், கமிட்டுக்கு முன் நடந்த சோதனைகளை சர்வர் பக்கம் நகர்த்திவிட்டோம். சப்மாட்யூல்களை (ஒரு களஞ்சியத்துக்குள் இணைக்கப்படும் வேறு களஞ்சியங்களை) நம்பியிருக்கும் திட்டங்களுக்கு இதை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்களிடமும் அப்படி ஒரு பழைய திட்டம் இருக்கிறது, அது கிட்டிலேயே தொடர்கிறது.