கார்த்திகை மழையும் ஒரு கவரும்

26.11.2024, செவ்வாய்

விடாத மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. தபாலாபீசுக்கு லீவு இல்லை, தாம்பரம் சித்தப்பாவுக்குச் சான்றிதழ்க் கவரை அனுப்ப நான்தான் போகவில்லை.

27.11.2024

அப்பா இன்றைக்கும் லேமினேஷன் புராணம். என் பிறப்புச் சான்றிதழை 2011-லேயே அவர்தான் லேமினேட் செய்து பீரோவில் வைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். நெதர்லாந்தில் இருக்கும் கணவரிடம் போகச் சான்றிதழ்களுக்கு அபோஸ்டில் வேண்டும், வெளிநாட்டில் செல்லும் என்று நம் அரசு ஒட்டிக் கொடுக்கும் ஸ்டிக்கர். போன மாதம் அதை வாங்கித் தரும் ஏஜென்சியில் கேட்டால், "லேமினேட் பண்ணது எடுக்க மாட்டாங்க மேடம், முத்திரை எங்க குத்துறது, ஸ்டிக்கர் எங்க ஒட்டுறது?" என்றார்கள். அப்பா பிளேடை எடுத்து ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை, என்னமோ நான் பிரித்த மாதிரி. மாநகராட்சியில் புது நகல் வாங்கியாயிற்று. பழையது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, ஒரு மூலை இல்லாமல்.

28.11.2024

அனுப்பவில்லை.

29.11.2024, வெள்ளி

மழை விட்டிருந்தது. விட்டால் பிடிக்க முடியாது என்று பதினோரு மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

காலையில் காலண்டர் அட்டையை வெட்டி, நடுவில் கல்யாணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஜெராக்ஸ், சித்தப்பா பெயருக்கு நான் கொடுக்கும் கடிதம். பாஸ்போர்ட் ஒரிஜினல் வீட்டை விட்டு எங்கேயும் போகாது. உள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு முகவரி, இரண்டு போன் நம்பர். வெளிக்கவர் கிழிந்தாலும் உள்ளே இருப்பது யாருடையது என்று தெரிய வேண்டுமே.

இந்த அபோஸ்டிலுக்கு 1961-இல் ஹேக் நகரத்தில் ஒப்பந்தம் போட்டார்களாம், 2005-இல் இந்தியா சேர்ந்ததாம். கணவர் இருக்கும் ஐந்தோவனிலிருந்து அந்த ஊருக்கு ரயிலிலேயே போய்விடலாம். அங்கே போட்ட ஒப்பந்தத்துக்கு நான் கும்பகோணத்தில் உட்கார்ந்து முருகன் படம் போட்ட காலண்டரை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா கூரியர் என்றார். நான் ஸ்பீட் போஸ்ட் என்றேன். செப்டம்பரில் கூரியர் பையன் என் கவரைப் பக்கத்து மாவுக்கடையில் கொடுத்துவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. மாவு ஒட்டிய கவரைத் துடைத்து எடுத்தது நான்தானே.

240 கிராம். 70 ரூபாய் 80 காசு. கவுண்டரில் இருந்த அம்மா கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெல் பேனாவாம்மா? மழைக்காலத்துல பால்பாயிண்ட்ல எழுதக் கூடாதா?" என்றார். செலோ டேப்பை என் பக்கம் நகர்த்தினார். பெறுநர் முகவரி மேல் ஒட்டினேன். பின்னால் க்யூவில் ஒருவர் இருமினார். அனுப்புநர் மேல் ஒட்டினேனா இல்லையா?

ரசீதை உடனே போட்டோ எடுத்துவிட்டேன். அந்தத் தாளில் எழுத்து ஆறு மாதம்கூட நிற்காது.

மத்தியானச் செய்தியில் புயலாகிவிட்டதாம். ஃபெஞ்சல்.

30.11.2024

டிராக்கிங்கில் "பேக்ட்". அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சாயங்காலம் "டிஸ்பாட்ச்ட்". எதில்? ரயிலா, வேனா? சென்னை விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இந்த நேரத்தில் என் கவர் மட்டும் கிளம்பிப் போகிறது.

சித்தப்பா போன் எடுக்கவில்லை. தாம்பரத்தில் கரண்ட் இல்லையாக இருக்கும்.

1.12.2024, ஞாயிறு

ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துவிட்டது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டராம். டிவியில் விழுப்புரம் முழுக்கத் தண்ணீர். எல்லாரும் வீடுகளைப் பார்க்கிறார்கள், நான் ரோட்டில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். அதில் எது சிவப்பு?

தொலைந்தால் என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன். கட்டணத்தில் இரண்டு மடங்கு அல்லது ஆயிரம் ரூபாய், எது குறைவோ அது. நூற்றுச் சொச்சம் வரும். என் கல்யாணத்துக்கு.

ராத்திரி இரண்டு மணி. தூக்கமில்லை. டிராக்கிங் நம்பரைத் தப்பாக அடிக்கிறேனோ என்று சந்தேகம். அவர் ஒரு தடவை சொல்லிக்கொடுத்த கணக்கு: ஒன்பது இலக்கத்தில் கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. முதல் எட்டையும் வரிசையாக எட்டு, ஆறு, நாலு, இரண்டு, மூன்று, ஐந்து, ஒன்பது, ஏழால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்து, மீதியைப் பதினொன்றிலிருந்து கழிக்க வேண்டும். கறிகாய்க் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டேன். சரியாக வந்தது. ஆக நம்பரில் தப்பில்லை. கவர்தான் எங்கே என்று தெரியவில்லை.

2.12.2024

விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடுகிறது. ரயில்கள் ரத்து. அரசூரில் ரோடும் போச்சு. ரயிலாக இருந்தாலும் வேனாக இருந்தாலும் அந்தப் பக்கம்தானே போக வேண்டும்.

திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரு வீடே புதைந்துவிட்டது. உள்ளே ஏழு பேர், அதில் ஐந்து குழந்தைகள். அதைப் பார்த்துக்கொண்டே கையில் டிராக்கிங்கைத் தள்ளித் தள்ளிப் புதுப்பிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தள்ளுகிறேன்.

அனுப்புநர் மேல் டேப் ஒட்டவில்லை. இப்போது நிச்சயமாக ஞாபகம் வருகிறது. இருமல் சத்தம் கேட்டதும் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவர் வீடியோ காலில், "விடு, நகல் வாங்கிக்கலாம், ரெஜிஸ்தர் ஆபீஸ்ல பதிவு இருக்குல்ல" என்றார். சரிதான். பதிவு இருக்கிறது. பதினாலு மாதமாகப் பதிவு மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

3.12.2024

டிஸ்பாட்ச்ட்.

4.12.2024

டிஸ்பாட்ச்ட். அப்பா பேச்சுவாக்கில் "கூரியர்ல போட்டிருந்தா" என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

5.12.2024, வியாழன்

காலை 9.40. "அவுட் ஃபார் டெலிவரி". சித்தப்பாவுக்கு நாலு தடவை போன் செய்தேன், "எங்கயும் போயிடாதீங்க சித்தப்பா, மாடியில இருந்தா கேக்காது, கீழயே இருங்க" என்று. ரிட்டயர்டு ரயில்வேக்காரர், "நான் மாடியேறி மூணு வருஷம் ஆச்சும்மா" என்றார்.

12.25-க்கு வாங்கிவிட்டார். போன் முன்னால் வைத்துப் பிரிக்கச் சொன்னேன். வெளிக்கவர் ஓரம் ஈரம் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. டேப் ஒட்டிய பக்கம் எழுத்து எழுத்தாகப் பளிச்சென்று. அனுப்புநர் இடத்தில் நீலமாக ஒரு மேகம். என் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிச்சம். உள்ளே ஜிப் கவர், அட்டை, சான்றிதழ்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. சித்தப்பா முருகன் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதை எதுக்கும்மா வெட்டினே?" என்றார்.

மத்தியானம் தூங்கினேன். ஐந்து மணி நேரம்.

9.12.2024

ஏஜென்சியில் கொடுத்தாயிற்று. முதலில் தலைமைச் செயலகச் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சக ஸ்டிக்கர்.

12.12.2024

மறுபடி மழை. சான்றிதழ்கள் கோட்டைக்குள் இருக்கின்றன. இருக்கட்டும்.

13.12.2024

தீபம். அகல் எல்லாம் மழையில் அணைந்துகொண்டே இருந்தது. அம்மா விடவில்லை.

18.12.2024

ஸ்டிக்கர் வந்துவிட்டது. சித்தப்பா படம் அனுப்பினார். கல்யாணச் சான்றிதழின் பின்பக்கத்தில் சின்னதாக, ஆப்பிள் மேல் ஒட்டியிருக்குமே அந்த மாதிரிதான் இருக்கிறது. இதற்குத்தானா.

"ஸ்பீட் போஸ்ட்ல திருப்பிப் போட்டுரட்டுமாம்மா? பால்பாயிண்ட்லதான் எழுதுவேன்" என்றார்.

வேண்டாம் சித்தப்பா என்றேன். நாளை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். தாம்பரத்தில் இறங்கிக் கையில் வாங்கிக்கொள்கிறேன்.