முதலில் மீன் ஆணா பெண்ணா என்று சொல்லுங்கள்

நீர் மாசை அறிய மீனின் கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 1ஏ என்ற நொதியை அளப்பார்கள். டயாக்சினோ சிலவகை பிசிபியோ (இரண்டும் குளோரின் கலந்த நச்சு வேதிப்பொருள்கள்) உடலுக்குள் போனால் இதன் செயல்பாடு எகிறும். அளக்கும் முறையும் அழகானது: எத்தாக்சிரெசோரூஃபின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் நொதி அதை ஒளிரும் ரெசோரூஃபினாக மாற்றும், ஒளிர்வை அளந்தால் போதும்.

சரி, எண் கிடைத்துவிட்டது. ஆனால் யாருடைய எண்? முட்டை முதிரும் பருவத்தில் பெண் மீனுக்கு எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் ஏறும், அது இந்த நொதியை அமுக்கிவிடும். ஒரே தண்ணீரில் ஆண் மீன் கூடுதலாகவும் பெண் மீன் குறைவாகவும் காட்டலாம். இரண்டையும் கலந்து சராசரி போட்ட அட்டவணையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இனக்கூட்டம், அதாவது ஒரே இனத்தின் ஓரிடத்துக் கூட்டம், மாறினால் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் பிசிபி ஏராளம். அங்கே தலைமுறைகளாக வாழும் கில்லி என்ற சிறு மீன்களில் இந்த நொதி லேசில் அசையாது. தண்ணீர் சுத்தம் என்பதால் அல்ல, மீன் விஷத்துக்குத் தகவமைந்துவிட்டது.

மாசுக்குச் சம்பந்தமே இல்லாத வேறுபாடும் இதே கில்லி மீன் இனத்தில் உண்டு. அமெரிக்காவின் வடக்கே, குளிரான மெய்ன் மாநிலக் கரை மீன்களின் கல்லீரலில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-பி என்ற, ஆற்றல் எடுக்க உதவும் நொதி, தெற்கே ஜார்ஜியா மாநில மீன்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு. குளிரில் ஒவ்வொரு மூலக்கூறும் மந்தமாகும், அதனால் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது உடல். இரு கூட்டங்களையும் ஒரே வெப்பநிலையில் வைத்துப் பழக்கினாலும் இந்த இடைவெளி மறைவதில்லை.