கிணற்று நீரும் வேகாத கடலையும்

எங்கள் வீட்டில் கடலை வேகாமல் போனதற்கு முதலில் குக்கர்தான் பழி சுமந்தது.

மட்டக்களப்பை அடுத்த எங்கள் ஆரையம்பதியில் மாரி தொடங்கினால் மாமி இரவில் சோறு தொடமாட்டார்; சூப்தான் வேண்டும். கடலை, கௌப்பி, பயறு, ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசி என்று எல்லாம் கலந்த கெட்டியான சூப். விறகடுப்புக் காலத்தில் மத்தியானமே பானையை ஏற்றிவிடுவாராம். காஸ் விற்கிற விலைக்கு அப்படி எரிக்க முடியாது என்பதால் குக்கரில் வைக்கத் தொடங்கினோம். அரிசி குழைந்தது, பயறு கரைந்தே போனது, கடலை மட்டும் பல்லோடு மல்லுக்கு நின்றது. மாமி ஒரு வாய் மென்றுவிட்டு, "சிப்பியை அவித்துத் தந்திருக்கிறீர்களா, மகன்?" என்று கேட்டார்.

வாஷர் தளர்ந்துவிட்டது என்றார்கள், மாற்றினோம். இன்னும் இரண்டு விசில் விடு என்றார்கள், விட்டோம். கடலை பழசாக இருக்கும் என்று மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. வெப்பமும் ஈரமுமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் எளிதில் மசியாது. காத்தான்குடியில் ஆள்நடமாட்டம் உள்ள கடையாகப் பார்த்துப் புதிதாக வாங்கினோம். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

அதே கடலையில் பாதியை நகரத்தில் இருக்கும் மச்சாள் கொண்டுபோனார். அவர் வீட்டில் அது வெண்ணெயாக வெந்துவிட்டது என்று கேட்டபோதுதான் எங்கள் கேத்தலை எட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது. நாங்கள் சமைத்தது கிணற்று நீரில். மச்சாள் வீட்டில் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்நீர்.

காரணம் விளங்கப் பள்ளிக்கூட வேதியியலே போதும். பருப்பின் உயிரணுக்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால்தான் கடலை மசியும். கடினநீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை இன்னும் இறுக்கிவிடுகின்றன. குக்கருக்குள் நீர் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் வரை போனாலும் அந்தப் பிடி லேசில் விடாது. புளியும் தக்காளியும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இப்போது குழாய்நீரை, அது இல்லாவிட்டால் பிடித்து வைத்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, கடலையையும் கௌப்பியையும் தனித்தனியாக இரவே ஊறப்போடுகிறோம். ஊறும் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது: உப்பிலுள்ள சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தோல் மென்மையாகிறது. மாமி இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் உப்புப் போடுவது அவர் படுத்த பிறகுதான். அப்பச்சோடா போட்டாலும் விரைவில் வேகும். ஆனால் சவர்க்கார வாடை வந்துவிடும், தயமின் என்ற உயிர்ச்சத்தும் அழியும்.

காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கழுவி, கடலையையும் அரிசியையும் முதலில் ஏற்றுகிறேன். விசில் எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுப்புக்கு அடுப்பு, குக்கருக்குக் குக்கர் அது மாறும். முதல் விசிலோடு தீயைக் குறைத்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். ஆவி தானாக அடங்கிய பின் திறந்து, கௌப்பியும் பயறும் சேர்த்து இன்னும் எட்டு நிமிடம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கடலை வேகும்முன் பயறு கூழாகிவிடும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கொதிப்பில் பருப்பின் தோல் கழன்று மிதக்கும். நுரையும் சேர்ந்து பீறிடும்.

நுரையைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. மச்சாள் ஒருநாள் பார்லியைக் கழுத்துவரை நிரப்பி வைத்ததில் ஆவித் துளை அடைத்து, பாதுகாப்பு வால்வு கழன்று, குசினிக் கூரையெல்லாம் கஞ்சி. நீரும் பருப்புமாகப் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

பிறகு வேலை சுலபம். உள்ளி, மிளகு, நற்சீரகம் தட்டிப் போட்டு, பூசணித் துண்டும் லீக்ஸும் திறந்த பாத்திரமாகவே வேகவிட்டு, கடைசியில் இரண்டாம் தேங்காய்ப்பால். தக்காளி போடுவதென்றால் கடலை மசிந்த பிறகு. தேசிக்காய் பிழிவது சூப்பைக் கோப்பையில் ஊற்றிய பின். மறுநாளுக்கு வேண்டுமென்றால் பால் விடுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து ஆறவைத்துக் குளிரூட்டியில் வைத்துவிடுவோம். இறுகிப்போகும், சுடுநீர் கலந்து சூடாக்கி அப்போது பால் விட்டால் சரி.