உச்சி வெயிலில் ஒரு பேய்ப்படம்: லொகேஷன் தேடும் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

கதை முடிவாகிவிட்டது, இனி குமரி மாவட்டத்துக்குள் இடம் பார்க்க வேண்டும். இறுதியாண்டுக் குறும்படம். பேய்ப்படம் என்றதும் குழுவில் எல்லாரும் பாழடைந்த பங்களா, ராத்திரி, மழை என்றே பேசுகிறார்கள், எனக்கு அதில் மனசே ஒட்டவில்லை. எங்கள் பாட்டி ராத்திரியைவிட உச்சி நேரத்தைச் சொல்லித்தான் அதிகம் பயமுறுத்துவாள். "உச்சிக்குத் தனியாப் போகாத மக்ளே, யாராவது பேரச் சொல்லி விளிச்சாலும் மூணு தரம் விளிச்ச பிறகுதான் ஏன்னு கேக்கணும்." அப்பாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகும் பெண்ணை இரண்டு தரம் மட்டும் யாரோ கூப்பிடுகிறார்கள். கதை இவ்வளவுதான். அந்தக் குரல் வர ஒரு இடம் வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை. கேமரா பிடிக்கும் நண்பனுக்கு இங்கேயே எடுத்துவிட வேண்டும் என்று ஆசை, பார்த்தால் யாருக்கும் வரும். கூரை இல்லாத சிற்றாலயம், சுற்றிலும் மரங்கள், உள்ளே டச்சுப் படையில் இருந்த டிலனாயின் கல்லறை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தளபதியாகி 1777-ல் இறந்த மனிதர். அவருடைய குடும்பத்தாரும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். உண்மையில் ஒருவர் உறங்கும் இடத்தைப் பேய் வரும் இடமாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. தக்கலை வரை வந்தாயிற்றே, பத்மநாபபுரம் அரண்மனையையும் கேட்கலாமா என்றான். அது கேரளத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, மாணவர் படத்துக்கு அந்த அனுமதிக் கடிதம் வருவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். விட்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

முப்பந்தல். கணவாய் வழியாக வரும் காற்று இந்த மாதங்களில் ஆளையே தள்ளுகிறது, காற்றாலைகள் இத்தனை இங்கே நிற்பதே அதனால்தானே. இறக்கை ஒவ்வொன்றாகக் கீழே வரும்போது கேட்கும் அந்த 'வூம்' சத்தம் அருமை, தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டேன். ஆனால் வசனம் எடுக்கவே முடியாது, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டும் இரைச்சல்தான். சாப்பிடும்போது ஒருத்தன், இங்கே கோயில் கொண்டிருக்கும் இசக்கியம்மனையே பேயாகக் காட்டினால் என்ன என்றான். கூடாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற சன்னதி அது. அவளைப் பேய் என்று காட்டிவிட்டு அதே ஊரில் படத்தைத் திரையிட என்னால் முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வட்டக்கோட்டை: கடல் அழகு, கூட்டம், டிரைபாட் வைக்கவே மத்தியத் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். மாத்தூர் தொட்டிப்பாலம்: 115 அடி உயரம், நடிக்கிற பிள்ளையை அங்கே ஓட வைக்க மாட்டேன். இரண்டும் வேண்டாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கிடைத்துவிட்டது! குலசேகரம் பக்கம், தோழியின் பெரியப்பாவுக்குச் சொந்தமான ரப்பர் தோட்டம்.

ரப்பர் பால் வெட்டு விடியும் முன்னமே தொடங்கிவிடும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துபோகும். தலையில் லைட் கட்டிக்கொண்டு மரம் மரமாக வெட்டிப் போகிறவர்கள் அப்புறம் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்துக்கொண்டு, அதை உறையவைத்து ரப்பர் ஷீட்டாக அடிக்கப் போய்விடுவார்கள். அதனால் உச்சி நேரத்தில் தோட்டத்தில் ஒரு ஆள் இருக்காது, ராத்திரியில்கூட இவ்வளவு வெறிச்சென்று இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. மழை நீர் வெட்டில் இறங்காமலிருக்க ஒவ்வொரு மரத்திலும் ஒரே உயரத்தில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்களோ என்று தோன்றுகிறது. இலை அடர்த்தியில் மேலே சுட்டெரிக்கிற வெயில் கீழே பச்சை இருட்டாகத்தான் இறங்குகிறது.

இதையெல்லாம்விட, காய் வெடிக்கிற சத்தம்! ரப்பர் காய் முற்றி விதை சிதறும் பருவம் இது. 'டப்' என்று மேலே ஒரு வெடி, ஒரு நொடி கழித்து விதை எங்கோ சருகில் விழும் சத்தம். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது முதுகுக்குப் பின்னால். சின்ன வயதில் இந்த விதையைத் தரையில் உரசிச் சூடாக்கி ஒருத்தர் கையில் ஒருத்தர் வைத்து அலறியிருக்கிறோம், இப்போது பைநிறையப் பொறுக்கி வந்திருக்கிறேன். எங்கள் பேய்க்கு இசையே வேண்டாம். வெடிச் சத்தம், சருகுச் சத்தம், பிறகு பெயர் சொல்லும் குரல்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோட்டத்தில் சோதனை எடுத்தோம். வெயில் உச்சியில் இருக்கும்போது தரையில் விழும் ஒளிப்பொட்டுகள் நடிக்கிறவள் முகத்தில் வந்தால் வெளுத்துவிடுகிறது, அதனால் அவளை முழு நிழலில் நிறுத்திப் பின்னால் மட்டும் பொட்டுகள் வரும்படி ஃப்ரேம் வைத்தோம். விளக்கு வாடகை மிச்சம், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மாகோல் போதும். அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துப் போக வேண்டும்.

பொங்கல் லீவில் எடுக்கலாமே என்று கேட்டவர்களுக்கு: அப்போது மரம் இலை உதிர்க்கத் தொடங்கிவிடும், இந்தப் பச்சை இருட்டும் இருக்காது, காயும் வெடிக்காது. இந்த மாதமே எடுத்தாக வேண்டும்.

பெரியப்பா சம்மதித்துவிட்டார். சிரட்டையைத் தட்டிவிடக் கூடாது, வெட்டிய பட்டையில் கை வைக்கக் கூடாது, தீ எதுவும் கூடாது. பால் வெட்டுகிற அண்ணனிடமும் நேரில் கேட்டோம், காலையில் தன் வேலை முடிந்த பிறகு வரச் சொன்னார். கூப்பிடும் குரலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம், பாட்டியிடம் கேட்டிருக்கிறேன், நாளைக்கு வீட்டிலேயே ரெக்கார்டிங்.