பரணி படித்தவனுக்கு ஸ்மித்

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைப் புத்தகக் கடைகளைக் கிளறும் பழக்கம் எனக்கும் என் நண்பனுக்கும் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. அங்கே தொடங்கிய ஒரு வாக்குவாதம் இருபது ஆண்டுகள் ஆகியும் ஓயவில்லை. 1923இல் தொடங்கிய, மாயாஜாலமும் திகிலும் கலந்த கதைகளை வெளியிட்ட 'வியர்ட் டேல்ஸ்' என்ற அமெரிக்கச் சாணித்தாள் பத்திரிகையில் எழுதி, ரசிகர்களால் மும்மூர்த்திகளாகப் போற்றப்படும் ராபர்ட் இ. ஹோவர்ட், எச். பி. லவ்கிராஃப்ட், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் ஆகியோரில் யார் உயர்ந்தவர் என்பதே அந்த வழக்கு. நண்பன் ஹோவர்ட் கட்சி. நான் ஸ்மித் கட்சி. லவ்கிராஃப்டை இருவருமே மதிக்கிறோம், ஆனால் திரும்ப எடுத்துப் படிப்பது அபூர்வம்.

நண்பனின் கட்சிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஹோவர்டின் கதைகளில் குதிரை ஓடத் தொடங்கிய பிறகுதான் நாம் ஏறிக்கொள்கிறோம். 1932 டிசம்பர் இதழில் அறிமுகமான அவருடைய வாள்வீர நாயகன் கோனன் அந்த முதல் கதையிலேயே அரசன். சில மாதங்கள் கழித்து வந்த கதையிலோ அவன் இளந்திருடன். சாகசக்காரன் ஒருவன் நினைவுக்கு வந்தபடி தன் கதையைச் சொல்வது போன்றது இது என்று, முப்பதாவது வயதில் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய கடிதமொன்றில் ஹோவர்டே விளக்கியிருக்கிறார். ஆனால் 1960களில் வெளிவந்த பேப்பர்பேக் பதிப்புகளில் டி கேம்ப், லின் கார்ட்டர் என்ற பிற்கால எழுத்தாளர்கள் இருவர் கதைகளைக் கோனனின் வயதுப்படி அடுக்கி, அரைகுறைப் பிரதிகளை முடித்துவைத்து, இடைவெளிகளில் தங்கள் சொந்தக் கதைகளையும் செருகிவிட்டார்கள். உ.வே.சா. பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பாடபேதம் பேசும் புலவரைப் போல, 2003இல் மூலப் பாடத்தோடு வெளிவந்த தொகுதியைத் தவிர வேறெதையும் நண்பன் தொடமாட்டான். இதில் நான் அவன் பக்கம்தான். ஆனாலும் ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா வரைந்த அட்டைக்காகவே அந்தப் பழைய பதிப்பு ஒன்றை வாங்கி ஒளித்துவைத்திருக்கிறேன்.

ஸ்மித் கலிபோர்னியாவின் ஆபர்ன் என்ற சிற்றூர்க்காரர், முதலில் கவிஞர். முதிய பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பு தலைமேல் இருந்ததால், 1929 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் தம் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதிக் குவித்தார். 1935இல் தாயும் 1937இல் தந்தையும் இறந்தபின் கதைகளைப் பெரும்பாலும் கைவிட்டு, கல்லில் சிற்பம் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஸோதிக் கதைகள், சூரியன் மங்கிப்போன எதிர்காலத்தில் பூமியின் கடைசிக் கண்டத்தில் நடப்பவை. அங்கே மந்திரவாதிகள் இருவர் செத்துப்போன ஒரு நாட்டு மக்களையே எழுப்பி அடிமைகளாக்கிக்கொள்கிறார்கள். அடைமொழிகள் அதிகம், அகராதி இல்லாமல் நகர முடியாது, நேசிக்க ஒரு பாத்திரம்கூட இல்லை என்று ஹோவர்ட் கட்சியார் அடுக்கும் குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் உண்மையே.

ஆனால் கலிங்கத்துப்பரணியைப் படித்து ரசித்த ஒருவருக்கு இவையெல்லாம் குற்றமாகத் தோன்றுமா என்பதே என் கேள்வி. செயங்கொண்டார் போருக்கு அவசரப்படுவதில்லை. கொதிக்கும் பாலையையும், காளியின் கோயிலையும், பசியால் வற்றிய பேய்களையும் பாடிய பிறகே சோழர் தளபதி கருணாகரத் தொண்டைமானின் படை நம் கண்ணில் படுகிறது. அதுவும் ஒரு பேய் காளிக்குச் சொல்லும் செய்தியாக. போர் முடிந்தால் பேய்கள் களத்திலேயே பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. பார்ப்பனப் பேய்க்கும் சமணப் பேய்க்கும் அவரவர் ஆசாரம் கெடாமல் அந்தக் கூழை வார்க்கும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவேன். ஸ்மித்திடம் இருப்பதும் இதே குரூரமான நகைச்சுவைதான். அவரைக் கனமானவர் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சிரிப்பைத் தவறவிட்டவர்கள்.

நண்பனும் பரணி படித்தவன்தான், தேர்வுக்காக. நாங்கள் இருவரும் சண்டையின்றிக் கொண்டாடுவது அதே பத்திரிகையில் எழுதிய சி. எல். மூர் என்ற பெண் எழுத்தாளர் ஒருவரைத்தான். 1934இல் அவர் படைத்த ஜிரெல் என்ற வாள்வீராங்கனையிடம் அவனுக்கு வேண்டிய வேகமும் எனக்கு வேண்டிய இருட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

சென்ற மாதம் அந்த மந்திரவாதிகள் கதையை அவனிடம் வலிந்து திணித்தேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். "வாளை எடுக்க இத்தனை நேரமாடா?" என்றான். சற்று நிறுத்தி, அந்த ஆசிரியரின் வேறு தொகுதி ஏதும் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டான்.