பெருங்கப்பல் இருக்கட்டும், நடுத்தரக் கப்பலையும் கட்டட்டும்

டிஸ்னி அட்வென்ச்சர் என்னும் உல்லாசப் பயணக் கப்பல் சிங்கப்பூரைத் தாய்த்துறைமுகமாகக் கொண்டு இயங்கும் என்ற அறிவிப்பு வந்த நாள் முதல், எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் கப்பல் பேச்சு ஓய்ந்தபாடில்லை. 208,000 டன் கப்பல், ஏறத்தாழ 6,700 பயணிகள். கப்பல் உலகில் இந்த டன் எடையைக் குறிப்பதன்று, உள்ளிடத்தைக் குறிப்பது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். இந்தப் பேச்சின் நடுவே என் மைத்துனர் ஒருவர், இவ்வளவு வசதிகளோடு பெருங்கப்பல்கள் வந்துவிட்ட பிறகு சின்னக் கப்பல்களைக் கட்டிக்கொண்டிருப்பதில் என்ன பயன் என்று கேட்டார். குழுவில் பலரும் அதை ஆமோதித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அதற்கான காரணத்தை வாட்ஸ்அப்பில் நான்கு வரிகளில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பெருங்கப்பல்களின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 248,663 டன்; பின்லாந்தின் துர்கு நகரில் கட்டப்பட்டது; அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பேரும், எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேரும் அதில் செல்லலாம். அதைக் கட்ட ஏறத்தாழ 200 கோடி அமெரிக்க டாலர் ஆனதாகச் செய்திகள் வந்தன. கேட்கும்போது தலை சுற்றினாலும், 5,610 பேருக்கு வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 350,000 டாலர்தான் வருகிறது. கப்பல் எவ்வளவு பெரியதானாலும் கேப்டன் ஒருவர்தான், மாலுமி மேடையும் ஒன்றுதான், மருத்துவக்கூடமும் ஒன்றுதான். ஆகவே தலைக்கு ஆகும் செலவு குறைகிறது, கட்டணமும் குறைகிறது, மூன்று பிள்ளைகளோடு மூன்று இரவுப் பயணம் போகும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்சீனக் கடல் கொந்தளிக்கும்போது பெரிய கப்பல் அவ்வளவாக ஆடுவதில்லை என்பதும், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கெந்திங் டிரீம் போன்ற 150,000 டன் கப்பலில் ஜைன உணவு வரைக்கும் தனியாகச் சமைத்துத் தர முடிகிறது என்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. சைவம் மட்டுமே சாப்பிடும் என் அத்தை முதன்முதலாகக் கப்பலில் வயிறாரச் சாப்பிட்டது அப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான்.

பெரிய கப்பல் என்றால் நெரிசல் என்று சிலர் சொல்வதும் பாதிதான் உண்மை. ஐகானின் உள்ளிடத்தைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு 44 டன் கிடைக்கிறது. 1990இல் கட்டப்பட்ட, 48,563 டன் கொண்ட நார்டிக் எம்பிரஸ் கப்பலில் அது 30 டன் அளவில்தான் இருந்தது. கப்பலுக்குள் கூட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கலைத்துவிடும் வித்தையை இக்காலக் கப்பல் வடிவமைப்பாளர்கள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

சிக்கல் கப்பல் நின்றபிறகு தொடங்குகிறது. ஆறாயிரம் பேரும் ஒரே காலையில், ஒரே வாசலில், ஒரே ஊரில் இறங்கியாக வேண்டும். பூக்கெட்டின் பாத்தோங் விரிகுடாவில் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு, பயணிகளைப் படகுகளில் கரைக்கு அனுப்பும். படகுக்கு எண்ணிட்ட ஒட்டுத்தாள் வாங்கிச் சட்டையில் ஒட்டிக்கொண்டு நாடக அரங்கில் உட்கார வேண்டும். அரங்கின் குளிர்சாதனம் நடுங்கவைக்கும். கடற்கரைக்கென்று மெல்லிய உடையில் வந்த பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுவார்கள். பத்து பத்து எண்களாக அழைக்கும் குரலுக்குத் தலைகள் நிமிர்ந்து தாழும். நாங்கள் ஒருமுறை அப்படிப் போய்க் கரை சேர்ந்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. ஓர் இளநீர் குடித்துவிட்டு, திரும்பும் வரிசை நீளுமுன் போய்விடலாம் என்று கிளம்பிவிட்டோம். இதை அந்த நிறுவனத்தின் குறையென்று நான் சொல்லமாட்டேன். பணியாளர்கள் ஓடி ஓடி உழைத்தார்கள். கணக்கே அப்படி, எத்தனை படகு விட்டாலும் ஆறாயிரம் என்பது ஆறாயிரம்தான்.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஹோ சி மின் நகரில் கிடைத்தது. பெரிய கப்பல்கள் அந்நகருக்குப் போவதாக விளம்பரத்தில் சொல்லப்பட்டாலும், அவை நிற்பது ஃபூ மி துறைமுகத்தில். அங்கிருந்து நகருக்குப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சிறிய கப்பல்களோ சைகோன் ஆற்றின் வளைவுகளில் மெல்லத் திரும்பித் திரும்பி ஏறி, நகரின் மடியிலேயே நின்றுவிடும். நாங்கள் சென்ற பழைய கப்பல் விடியற்காலையில் ஆற்றுக்குள் நுழைந்தது. இரு கரையிலும் நீரிலிருந்து நேரே கிளம்பும் நீர்த்தென்னை ஓலைகள். சரக்குத் தோணிகளின் மூக்கில் வரையப்பட்ட கண்கள். தளத்தில் பேச்சில்லாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற முதியவர்கள். இறங்கியதும் வாடகை வண்டி பிடித்து, பென் தான் சந்தைக்கு அருகில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில்கூட ஏறியிருக்கவில்லை. வியட்நாமியப் பெண்கள் ஊதுவத்தி ஏந்தி அம்மனை வணங்குவதை அம்மா அங்கேயே அமர்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபூ மியில் இறங்கியிருந்தால் இந்தக் கோயிலுக்கு வர நேரம் இருந்திருக்குமா என்று பிறகு பேச்சு வந்தபோது, “பேருந்தில் உட்காரவா கப்பலேறினோம்?” என்று கேட்டார். பேங்காக்கிலும் இதே கதைதான்: பெரியவை லாம் சபாங்கில் நிற்கும், சிறியவை சாவ் பிரயா ஆற்றில் ஏறிக் குளோங் தோய் வரை போகும்.

நம் வட்டாரத்தின் பழைய ஊர்கள் பலவும் ஆற்றோரத்திலோ ஆழமற்ற கரையிலோ அமைந்தவை. அவற்றை நெருங்கும் தகுதி அளவால் வருவது. பெருங்கப்பலில் சறுக்குமரம் எத்தனை வைத்தாலும் வராது. ஐரோப்பாவில் இதைச் சட்டமே சொல்லத் தொடங்கிவிட்டது: 2019இல் ஒரு பெருங்கப்பல் வெனிஸ் கால்வாயில் படகுத்துறையின்மேல் மோதியபின், 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த ஜுதேக்கா கால்வாய்க்குள் நுழையத் தடை. அண்டார்க்டிகாவிலோ 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களைக் கரையிறக்கவே கூடாது.

இவ்வளவு தேவை இருக்கும்போது சின்னக் கப்பல்கள் கட்டப்படாமலா இருக்கின்றன? கட்டப்படுகின்றன. மைத்துனரின் கேள்வி அந்த வகையில் தவறானது. 2022இல் வந்த ரிட்ஸ் கார்ல்டன் நிறுவனத்தின் எவ்ரிமாவில் 298 பயணிகள்தான். 2015 முதல் வைக்கிங் நிறுவனம் ஆயிரத்துக்கும் குறைவான பயணிகளைக் கொண்ட கடற்கப்பல்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ப்ளோரா, ஓஷியானியா என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எல்லாம் யாருக்கு? எவ்ரிமாவின் ஒரு வாரக் கட்டணத்தில் எங்கள் வீட்டார் அனைவரும் பெருங்கப்பலில் பலமுறை போய்வரலாம். வைக்கிங் கப்பலில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இடமே இல்லை. சிறுகப்பல் என்பது செல்வர்களின், அதிலும் பிள்ளைகளை வளர்த்து முடித்த செல்வர்களின் தனியுடைமையாகிவிட்டது. இதுதான் என் குறை. நடுவில் இருந்ததைக் காணோம்.

நடுவில் ஒன்று இருந்தது என்பதை நாற்பது வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1999இல் வந்த சூப்பர்ஸ்டார் வர்கோ 75,338 டன், 1,870 பயணிகள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் சாதாரணக் குடும்பம் பினாங்குக்கும் பூக்கெட்டுக்கும் அதில்தான் போய்வந்தது. அன்று அதைப் பெரிய கப்பல் என்றோம். அதற்கும் முந்தைய தலைமுறை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்திறங்கிய ரஜூலா 8,478 டன்தான். அதில் ஆயிரக்கணக்கானோரைத் தளத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதால் அதைச் சிறுகப்பலின் சுகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று இந்த நடுத்தர அளவில், நடுத்தரக் கட்டணத்தில் ஆசிய நீரில் ஓடுபவை எவையென்று பாருங்கள். 2025இல் நம் துறைமுகத்துக்கு வந்த ஸ்டார் வாயேஜர், 1997இல் டான் பிரின்சஸ் என்ற பெயரில் கட்டப்பட்டது. சூப்பர்ஸ்டார் வர்கோ பின்னர் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் ஒன் போன்ற வேறு பெயர்களில் தொடர்ந்து ஓடிவருகிறது. சென்னையிலிருந்து இலங்கைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று, 2023 ஜூனில் காங்கேசன்துறை வரை போன கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ், மேலே நான் குறிப்பிட்ட 1990ஆம் ஆண்டு நார்டிக் எம்பிரஸ்தான். போரால் நெடுங்காலம் மூடிக்கிடந்த வடபகுதித் துறைமுகத்துக்கு ஒரு பயணிகள் கப்பல் வந்ததென்றால், அது அந்த அளவுக் கப்பலாக இருந்ததால் வந்தது. அதே நிறுவனம் அடுத்து வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்திருக்கும் நார்வீஜியன் ஸ்கை 1999இலும், நார்வீஜியன் சன் 2001இலும் கட்டப்பட்டவை.

எல்லாமே கைமாறி வந்த பழைய கப்பல்கள். அக்காள் சட்டை தங்கைக்கு வருவதைப்போல, மேலைநாட்டுப் பெருநிறுவனங்கள் உடுத்திக் கழித்ததைத்தான் நாம் இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருக்கிறோம். அதில் எனக்கு வெட்கமில்லை. நல்ல கப்பல் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். கவலை வேறு. கோவிட் காலத்தில், 2020இல், ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் அறுபதாயிரம் டன் அளவிலான தன் நான்கு கப்பல்களை ஒரே மூச்சில் விற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ராயல் கரீபியன் நிறுவனம் மேலே சொன்ன எம்பிரஸையும் மெஜஸ்டி என்ற கப்பலையும் விற்றது. விற்றவர்கள் அதே அளவில் மாற்றுக் கப்பல் கட்டவில்லை. அப்படியென்றால் 2045இல் பழைய கப்பல் வாங்கப் போகும் நிறுவனத்துக்குச் சந்தையில் கிடைக்கப்போவது பெரும்பாலும் 150,000 டன்னுக்கு மேற்பட்டவையும், சில நூறு பேருக்கான சொகுசுக் கப்பல்களும்தான். முன்னது காங்கேசன்துறைக்குப் போகாது. பின்னதில் நாம் ஏற மாட்டோம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. சின்னக் கப்பலில் தலைக்கு எரியும் எரிபொருள் அதிகம் என்பது உண்மைதான். பெரிய அறைகளும் குறைந்த பயணிகளும் கொண்ட சொகுசுக் கப்பலில் அது இன்னும் மோசம். ஆனால் நான் கேட்பது அதையன்று. இரண்டாயிரம் பேர் சிக்கனமாகச் செல்லும் கப்பலை. கப்பல் கட்டும் தளங்கள் சிலவே உள்ளன என்பதும் உண்மை. ஜெர்மனியின் பாப்பன்பர்க், பின்லாந்தின் துர்கு, பிரான்சின் சான் நசேர், இத்தாலியின் ஃபின்கான்டியேரி தளங்கள் ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் முன்பதிவு நிரம்பியிருக்கும்போது, கிடைக்கும் ஓர் இடத்தில் இலாபம் குறைந்த கப்பலை எந்த நிறுவனம் கட்டும்? பணக்கணக்கில் இதற்கு எளிதான மறுமொழி என்னிடம் இல்லை. ஆனாலும் ரெனசான்ஸ் நிறுவனத்தின் கதையை நினைத்துப் பார்க்கிறேன். 1998 முதல் 2001 வரை, எழுநூறு பேர் செல்லக்கூடிய, 30,277 டன் கப்பல்கள் எட்டை ஒரே அச்சில் வார்த்ததுபோல் கட்டி இறக்கிவிட்டு, 2001 செப்டம்பரில் அந்நிறுவனம் திவாலானது. கப்பல்கள் திவாலாகவில்லை. எட்டும் வேறு பெயர்களில் வேறு நிறுவனங்களிடம் போய், கால் நூற்றாண்டு கழித்தும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரே வரைபடத்தில் பல கப்பல்களைக் கட்டினால் செலவு குறையும் என்பதற்கும், அந்த அளவுக்கு ஆள் இருக்கிறார்கள் என்பதற்கும் இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? அன்று நடந்த தவறு கப்பலின் அளவில் இல்லை, கடனின் அளவில்.

சிங்கப்பூர் தன் பங்குக்குப் பெருங்கப்பல் பக்கமே சாய்ந்திருக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு மேலே கேபிள் கார் ஓடுவதால், 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. 1983 ஜனவரியில் ஒரு துரப்பணக் கப்பலின் கோபுரம் அந்தக் கம்பியில் சிக்கி ஏழு பேர் இறந்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுப்பாட்டின் அருமையை அறிவார்கள். பெரியவற்றுக்கென்றே 2012இல் மரினா பேயில் புது நிலையம் திறக்கப்பட்டது. 6,800 பேரைக் கையாண்ட அதன் கொள்ளளவை 11,700 ஆக்க 4 கோடி வெள்ளிச் செலவில் மேம்பாட்டுப் பணி நடந்தது. அந்த உயரக் கட்டுப்பாட்டையே நான் ஒரு வாய்ப்பாகப் பார்க்கிறேன். எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி, கடைத்தொகுதி வழியாக நடந்தே ஏறக்கூடிய ஹார்பர்ஃபிரண்டை நடுத்தரக் கப்பல்களுக்கான வீடாக வைத்துக்கொண்டு, அங்கே ஆண்டு முழுதும் நிற்க முன்வரும் நிறுவனத்துக்குத் துறைமுகக் கட்டணத்தில் சலுகை தந்தால், குறைந்தது ஒரு நிறுவனமாவது கணக்குப் போட்டுப் பார்க்கும்.

என் வீட்டுக் கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரிவில் யாராவது தமிழ் படிப்பவர் இருந்தால் குறித்துக்கொள்ளலாம். பெருங்கப்பலில் கொடுப்பதைவிட ஆளுக்கு ஓர் இரவுக்கு ஐம்பது, அறுபது வெள்ளி கூடக் கொடுக்க நாங்கள் தயார். சறுக்குமரம் வேண்டாம், பனிச்சறுக்கு அரங்கம் வேண்டாம், தளத்தைச் சுற்றி நடக்க நிழலான பாதையும், பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளமும், அத்தைக்குச் சைவ உணவும் போதும். கட்டணம் மூன்று மடங்கு என்றால் மட்டும், மைத்துனரோடு சேர்ந்து நானும் டிஸ்னிக்கே முன்பதிவு செய்துவிடுவேன்.